மறைவனின் விதி

ஜூன் 3, செவ்வாய்

குடியை விட்டதும் வந்த நடுக்கம் நின்றுவிட்டதால் இனி நானும் தினமும் நாட்குறிப்பு எழுத வேண்டுமாம். மேனேஜர் விஸ்வம் சார் இந்த நோட்டைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். "மனசுல இருக்கறத அப்படியே எழுதுங்க மணி. ஒளிக்காதீங்க" என்றார். அப்படியே எழுதுகிறேன்.

பெயர் மாசிலாமணி. வயது நாற்பத்தாறு. பத்திர எழுத்தர். குடிக்காமல் கிரயப் பத்திரம் எழுத முடியாது என்ற நிலைக்கு வந்தபின், மச்சான் காரில் ஏற்றிக் கொண்டுவந்து இந்த இல்லத்தில் விட்டார். பல்லடத்திலிருந்து உள்ளே தள்ளி, தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கிறது. இங்கே குடிகாரன் என்ற சொல்லே கிடையாது. நாங்கள் மாணவர்கள். எங்களுக்கு முன்னால் படித்து முடித்து இங்கேயே வேலைக்குத் தங்கிவிட்டவர்கள் சீனியர்கள். கையில் கம்பு வைத்திருப்பார்கள். தோப்பில் நாய்த்தொல்லை உண்டு.

எனக்குக் கூட்டும் வேலை. முன்வாசலும் பின்பக்கமும்.

ஜூன் 4, புதன்

கூட்டினேன். மட்டை ஒன்று விழுந்திருந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

சாயங்காலத் தேநீருக்கும் பிரார்த்தனைக்கும் நடுவே உள்ள நேரம்தான் சிரமம். வெளியே இருந்திருந்தால் கடைக்குப் போகும் நேரம் அது. கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது.

அந்த நேரத்துக்கு யது ஒரு ஆட்டம் கொண்டுவந்திருக்கிறான். யதுநந்தன், கோவைப் பையன். இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டவன். கஞ்சாப் பழக்கத்துக்காக அப்பா கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். துணி சோப்பை வெட்டி, தென்னங்குச்சியால் புள்ளி குத்தி ஒரு பகடை செய்துவைத்திருக்கிறான்.

ஆட்டம் இதுதான். ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். "உன் முன்னாடி ஒரு கதவு. என்ன பண்ற?" என்று அவர் கேட்பார். நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடையை உருட்டிப் பார்ப்பது. வென்றவர் தோற்றவர் இல்லை. காசு இல்லை என்று தெரிந்ததும் மேனேஜர் சார் அனுமதித்துவிட்டார்.

"கதை நடத்தறவரை மாஸ்டர்னு சொல்வாங்க" என்றான் யது.

"மாஸ்டரு நான்தாம்ப்பா. நீ வேற பேரு பாரு" என்றார் இஸ்மாயில் பாய். திருப்பூரில் கல்யாணப் பிரியாணி போட்டவர். இங்கேயும் சமையல்கட்டு அவர் பொறுப்புதான்.

நாலாவது ஆள் ஆறுச்சாமி. சோமனூரில் தறி ஓட்டுகிறவர். தறிச்சத்தத்திலேயே பேசிப் பழகியவர் என்பதால் ரகசியத்தைக்கூடக் கத்தித்தான் சொல்வார். தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார். "மணியண்ணா, இதுல நான் ராஜாவா இருக்கட்டுமா?" என்று முதல் நாளே கேட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

மேனேஜர் சார் நோட்டைப் பார்த்தார். எழுத்து அழகாக இருக்கிறது என்றார். கம்பு, நாய் பற்றிய வரிகளை மட்டும் அடித்துவிட்டார். அவை தேவையில்லாத வரிகள்தான்.

மாலையில் பாத்திரங்களுக்குத் திறன் எழுதினோம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் மற்றவரால் முடியாத ஒன்று முடியும். பாய் வைத்தியர், தொட்டால் காயம் ஆறும். நான் பலசாலி; என் உடம்பைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். ஆறுச்சாமிக்கு ராஜா கிடைக்கவில்லை. மறைவன் கிடைத்தான்.

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நான்தான் எழுதினேன். மறைவனுக்கு யது சொன்னது: "வாயைத் திறக்காத வரைக்கும் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டான்." காதுக்கு இது கொச்சையாகப் பட்டது. தொழில் பழக்கத்தில் திருத்தி எழுதினேன்: "மறைவன் பேசாதிருக்கும்வரை யாருக்கும் புலப்பட மாட்டான்."

"சூப்பர்ணா, கல்வெட்டு மாதிரி இருக்கு" என்றான் யது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அந்த ஒரு வரியை வைத்தே பிரார்த்தனை மணி அடிக்கும்வரை விவாதம்.

பாழடைந்த கோட்டைக்குள் போக வேண்டும். வாசலில் காவல்காரன். மறைவன் அவனைத் தாண்டும்போது பகடை சரியாக விழவில்லை. தும்மிவிட்டான் என்றான் யது. "காவல்காரன் திரும்பிப் பாக்கறான்."

"தும்மறது பேச்சா?" என்று ஆறுச்சாமி கத்தினார். "அப்ப எங்கூட்டு ஆடுகூட பேசுமே!"

"பேச்சு இல்லண்ணா, ஒத்துக்கறேன். ஆனா சத்தம் காதுல விழும்ல? ஆளுதான தெரிய மாட்டான், சத்தம் தெரியலாமே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாளைக் கையில் வாங்கி ஒருமுறை படித்தேன். "கண்ணுக்குத் தெரியாது என்று எழுதியிருந்தால் தம்பி சொல்வது சரி. புலப்பட மாட்டான் என்று எழுதியிருக்கிறது. புலன் என்றால் கண் மட்டும் இல்லை, காதும்தான். தும்மினாலும் கேட்காது."

"நீங்கதானண்ணா அப்படி மாத்துனீங்க?"

"யார் மாற்றியது என்பது பேச்சில்லை தம்பி. எழுதினதுதான் செல்லும்."

ஆறுச்சாமி எழுந்து ஒரு ஆட்டமே போட்டார். தோப்புவரை கேட்டிருக்கும். சீனியர் ஒருவர் வந்து கம்பால் கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

ஜூன் 13, வெள்ளி

கோட்டைக்குள் கல் ஒன்று சரிந்து மறைவன்மேல் விழுந்தது. பகடையில் மிக மோசமான எண். மறைவன் மயங்கிவிட்டான்.

"நான் தொடறேன். காயம் ஆறிப்போச்சு. மேல சொல்லு" என்றார் பாய்.

யது தயங்கினான். "எங்க பாய் தொடுவீங்க? அவர் எங்க கிடக்கறார்னு உங்களுக்குத் தெரியாதே. பேசினாத்தான் தெரியும்."

"பேசு ஆறுச்சாமி."

"மயக்கத்துல கெடக்கறவன் எப்படிங் பாய் பேசறது?"

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா சட்டம் இது? அடிபட்டவன் கத்துனாத்தான் வைத்தியமா? கத்த முடியாதவன் கெடந்து சாவட்டுமா?"

மறுபடியும் என்னிடம் வந்தது. அடிபட்டால் நீங்கலாக என்றோ, மயங்கினால் நீங்கலாக என்றோ தாளில் எதுவும் இல்லை. எழுதாத விலக்கை நாமாகப் படித்துக்கொள்ளக் கூடாது. அதைச் சொன்னேன்.

"அப்ப நான் செத்துட்டா?" என்றார் ஆறுச்சாமி.

"செத்தவர் பேச மாட்டார். பேசாதவரை புலப்பட மாட்டார்."

"பொணம்கூடக் கெடைக்காதுங்களா!" தொடையைத் தட்டிச் சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்தது. பாய் மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் அவர் பிடிவாதத்துக்காக ஒரு திருத்தம் செய்தோம். "முனகலும் பேச்சாகக் கொள்ளப்படும்." ஆறுச்சாமி முனகினார். பாய் தொட்டார். ஆட்டம் மேலே போயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

ஆறுச்சாமி வீட்டுக்குப் போன் பேசக் கேட்டார். பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, மகள் எந்தப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை என்றார். முதல் மாதம் போன் கிடையாது என்பது இல்லத்தின் விதி. தனக்கு மாதம் முடிந்துவிட்டது என்று அவர் வாதாடினார். சேர்ந்த நாளிலிருந்து கணக்கா, நடுக்கம் நின்ற நாளிலிருந்து கணக்கா என்று விதியில் தெளிவாக இல்லை. அதை மேனேஜர் சார்தான் முடிவு செய்ய வேண்டும், இன்னும் முடியவில்லை என்று முடிவும் செய்தார். ஆறுச்சாமி எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டிருக்கக் கூடாது.

"என்னைப் பூட்டி வெக்கறதுக்கு எம்பொண்டாட்டிகிட்ட மாசாமாசம் வாங்கறீங்களே, அவகிட்டப் பேசவாச்சும் உடுங்" என்று அவர் கேட்டது தவறான வார்த்தை. மேனேஜர் சார் கோபப்படவில்லை. புன்னகைதான் செய்தார்.

ஜூன் 17, செவ்வாய்

இது திருத்தி எழுதிய பக்கம்.

மாணவர் ஆறுச்சாமிக்குக் காலையிலிருந்து உடல்நலம் சரியில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சீனியர்கள் அவரை ஓய்வு அறைக்கு அழைத்துச் சென்றார்கள். ஒலிபெருக்கியில் பக்திப் பாடல்கள் போடப்பட்டன. மாலை அவர் ஓய்வு அறையிலிருந்து வெளியேறிப் பின்சுவர் ஏறிக் குதித்துத் தன் இஷ்டப்படி ஓடிவிட்டார்.

மேற்படி நேரத்தில் நான் பின்பக்கம் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. முன்வாசலில் இருந்தேன். எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

ஜூன் 18, புதன்

நேற்று எழுதிய பக்கத்தில் பிழைகள் இருந்தன. மேனேஜர் சார் அதைக் கிழித்து எடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதவைத்தார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். "உங்களை இந்த மாசமே வீட்டுக்கு அனுப்பலாம்னு இருக்கறேன் மணி. நல்லாத் தேறிட்டீங்க" என்றார்.

ஆறுச்சாமியின் செருப்பு வராந்தாவில் கிடந்தது. ஓடுகிற அவசரத்தில் மறந்திருப்பார்.

ஜூன் 19, வியாழன்

மழை. கூட்டவில்லை.

ஜூன் 20, வெள்ளி

மூன்று பேரோடு ஆட்டம் ருசிக்காது என்று நினைத்தேன். யது நான்கு பேருக்கும் இடம் விட்டு உட்கார்ந்தான். அவரவர் முறை வந்து, அந்தக் காலி இடத்துக்கு வந்ததும், "மறைவன்?" என்று கேட்டான். கொஞ்சம் காத்திருந்தான். பிறகு, "பேசல. சரி, அடுத்து பாய்" என்றான்.

"அவர்தான் ஓடிவிட்டாரே தம்பி. அவர் பாத்திரத்தை அடித்துவிடலாம்" என்றேன்.

"ஆறுச்சாமி அண்ணன் எங்கன்னு எனக்குத் தெரியாதுண்ணா. மறைவன் எங்கன்னு தெரியும். பேசாத வரைக்கும் புலப்பட மாட்டான்னு நீங்கதான் எழுதுனீங்க. காணோம்ங்கறதுக்காக இல்லைன்னு ஆயிருமா?"

"அது திறனுக்கான விதி. ஆள் ஆட்டத்தில் இருந்தால்தான் திறன்."

"அப்படி எங்கண்ணா எழுதியிருக்கு? தாளைப் பாருங்க."

தாளில் அப்படி இல்லைதான். பாய் நாலாவது டம்ளரிலும் டீ ஊற்றிக் காலி இடத்தில் வைத்தார். ஆறிப்போகும்வரை அங்கேயே இருந்தது.

மேனேஜர் சார் கவனத்துக்கு: இது வெறும் ஆட்டம். வேறு பொருள் எதுவும் இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

இன்று எங்களுக்குப் பெருமையான நாள். நோட்டைப் படித்துக் கையெழுத்துப் போட்ட கையோடு மேனேஜர் சாரே ஆட்டத்துக்கு வந்துவிட்டார். காலி இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"நாலு பேர் ஆடுற ஆட்டமாமே. அவன் ஆளை நான் ஆடறேன். சொல்லுங்க தம்பி, எனக்கு என்ன பவர்?"

யது தாளை நீட்டினான். சார் இரண்டு முறை படித்தார்.

"பேசினா என்ன ஆகும்?"

"எல்லாருக்கும் தெரிஞ்சிரும் சார்."

"தெரிஞ்சா?"

"காவல்காரன் அடிப்பான்."

"அப்ப பேசாம இருக்கறதுதானே புத்திசாலித்தனம்?" என்று என் பக்கம் திரும்பினார். "என்னங்க மணி, பத்திரம் எழுதறவரு நீங்க. இதுக்கு அர்த்தம் நான் சொல்றதுதானே?"

நான் ஆமாம் சார் என்றேன்.

"முனகலும் பேச்சாகக் கொள்ளப்படும்னு ஒண்ணு கீழ சேர்த்திருக்கீங்களே. இது எதுக்கு?"

சார் பகடையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். சோப்பு என்பதால் முனைகள் மழுங்கியிருந்தன. "சரி, ஆரம்பிங்க தம்பி. மறைவன் என்ன பண்றான்னு கேளுங்க."

யது தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு சொன்னான். "முடியாதுங்க சார். மறைவன் ஏற்கெனவே இங்க இருக்கான். ஒரு பாத்திரத்தை ரெண்டு பேர் ஆட முடியாது. நீங்க வேணும்னா புதுசா ஒரு ஆள் எடுத்துக்கங்க."

சார் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார், எழுந்தார், வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நல்லா ஆடறீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்களோடு நேரம் செலவிட்டதற்கு நன்றி.

ஜூன் 23, திங்கள்

ஆட்டம் நிறுத்தப்பட்டது. மூளையைக் கெடுக்கிறதாம். குப்பையோடு சேர்த்துத் தாள்களை எரிக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். எரித்தேன்.

ஜூன் 26, வியாழன்

கூட்டினேன். பாயின் கையில் எண்ணெய் பட்டுக் கொப்புளம். மருந்து போட்டுவிட்டேன்.

ஜூன் 28, சனி

காலைக் கூட்டத்தில் வருகைப் பதிவு முடிந்ததும் யது எழுந்து நின்று, "ஒரு பேர் விட்டுப்போச்சு சார். ஆறுச்சாமி" என்றான். சும்மா இருந்திருக்கலாம். மாணவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

மதியம் மாணவர் யதுநந்தன் உடல்நலம் இல்லாமல் ஓய்வு அறைக்கு அழைத்துச் செல்லப்பட்டார்.

பாட்டுப் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 30, திங்கள்

இது வேறு தாள். மச்சான் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அந்த நோட்டைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டது. இதற்கு யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள்.

நேற்று ஞாயிறு, பார்வையாளர் நாள். காலையில் சமையல்கட்டு வழியாகப் போனபோது பாய் என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தார்.

"அன்னிக்கு ஆறுச்சாமி உள்ள போன சாயந்திரம் சீனியர் வந்து, அரிசியைக் குறைச்சுப் போடுன்னான். ஓடிப்போய்ட்டான்னு யாருக்கும் சொல்றதுக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லிட்டான் மணி. பையனுக்கு இன்னும் குறைக்கச் சொல்லல. இன்னும் சொல்லல, புரியுதா?"

புரிந்தது. ஆனாலும் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குத்தான் போனேன்.

பதினோரு மணிவாக்கில் மேனேஜர் என்னை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டார். எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பை, அதில் முறுக்குப் பொட்டலம். ஆறுச்சாமியின் மனைவி கோகிலா. மாதம் முடிந்ததே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். உன் புருஷன் ஓடிப்போய்ப் பத்து நாளுக்கு மேலாகிறது என்று அப்போதுதான் அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"மணி, இவங்களுக்கு ஒரு ஸ்டேட்மெண்ட் எழுதிக் குடுங்க. உங்களுக்குத் தெரியாததா" என்றார் விஸ்வம்.

எழுதினேன். கை அதுபாட்டுக்கு எழுதியது. 'என் கணவர் தன் சுயவிருப்பத்தின் பேரில் மேற்படி இல்லத்தை விட்டு வெளியேறிவிட்டபடியால், இது தொடர்பாக இல்லத்தார்மீது எனக்கு யாதொரு ஆட்சேபணையும் பாத்தியதையும் இல்லை.' ஒரு அடித்தல்கூட இல்லாமல் வந்தது.

கோகிலா தாளை வாங்கிப் பார்த்தாள். "படிக்கத் தெரியுமுங். ஆனா இந்தக் கோர்ட்டுத் தமிழ் புரிய மாட்டேங்குது. அர்த்தம் சொல்லுங்ணா."

விஸ்வம் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் வைத்தார். "சொல்லுங்க மணி."

நான் முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரிக்குப் போக முடியவில்லை. பின்பக்கம் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அர்த்தம் என்னன்னா," என்றேன், "உங்க வீட்டுக்காரரை இனிமே தேட மாட்டேன்னு நீங்க எழுதிக் குடுக்கறீங்க."

அவள் முகம் மாறியது. "தேட வேண்டாம்னா எப்படிங்? எங்க போனாரு?"

"மணி" என்றார் விஸ்வம்.

"அவர் ஓடிப்போகலம்மா. பதினேழாம் தேதி மத்தியானம் பின்னாடி ரூமுக்குள்ள கொண்டுபோய் அடிச்சாங்க. பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. நான் ஜன்னலுக்கு வெளியில இருந்தேன். அப்புறம் சத்தம் நின்னுபோச்சு. இருட்டுறதுக்குள்ள வேன் பின்பக்கம் வந்துச்சு."

"இவருக்கு மறுபடி நடுக்கம் வந்திருச்சாட்டம் இருக்கு" என்று விஸ்வம் அவளிடம் சிரித்தபடியே எழுந்து கதவுப் பக்கம் வந்தார். சீனியரைக் கூப்பிட வாய் திறந்தார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினேன். யாரையும் தள்ளிய ஞாபகமே எனக்கு வாழ்க்கையில் கிடையாது.

வாசலெல்லாம் குடும்பங்கள். கோரைப்பாயில் உட்கார்ந்து சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நின்று கத்தினேன். "பின்னாடி ரூம்ல ஒரு பையன் கெடக்கறான்! செத்துப்போறதுக்குள்ள வாங்க!"

இரண்டு சீனியர்கள் என்னை நோக்கி வந்தார்கள். கம்பு முதுகில் விழுந்தது. இரண்டாவது அடி விழவில்லை. பாய் அண்டாக் கரண்டியோடு நடுவில் நின்றிருந்தார். அதற்குள் யாரோ ஒருவருடைய அப்பா, மாட்டு வியாபாரியாம், ஆள் நல்ல உயரம், பின்பக்கம் போய்க் கதவை உதைக்க ஆரம்பித்துவிட்டார். யாரோ பாட்டை நிறுத்தினார்கள்.

யதுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் அடையாளம் தெரியவில்லை. மூச்சு இருந்தது. பாய் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் தொட்டுத் தொட்டு உதட்டில் வைத்தார். யாரோ போன் செய்து, போலீசும் ஆம்புலன்சும் வந்தன.

கோகிலா ஆபீஸ் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் நான் எழுதிய தாள்.

போலீஸில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஆறுச்சாமி கத்தினார் என்றேன். என்ன கத்தினார் என்பது பாட்டுச் சத்தத்தில் தெளிவாகக் கேட்கவில்லை.

ஜூலை 9, புதன்

வெள்ளக்கோவில் தாண்டி ரோட்டோரம் கிடந்த அடையாளம் தெரியாத ஆண் உடல் ஒன்றை, வண்டி மோதியதாக நினைத்து ஆஸ்பத்திரிப் பிணவறையில் வைத்திருந்தார்களாம். கோகிலா பார்த்து, அவர்தான் என்றாள். விஸ்வமும் மூன்று சீனியர்களும் சிறையில் இருக்கிறார்கள்.

யதுவுக்கு விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. தாடையில் கம்பி கட்டியிருப்பதால் பேச முடியவில்லை. பார்க்கப் போனேன். என் உள்ளங்கையில் விரலால் ஏதோ எழுதினான். புரியவில்லை என்று சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

மச்சானுக்கு யாரோ போன் செய்திருக்கிறார்கள். விஸ்வத்தின் சொந்தக்காரராம். மரியாதையாகத்தான் பேசினாராம். குடிகாரன் சாட்சி கோர்ட்டில் நிற்காது, மாப்பிள்ளைக்கு ஏன் வீண் அலைச்சல் என்றாராம். "எதுக்கும் கொஞ்ச நாள் வெளியூர்ல இருந்துக்கங்களே மாப்ளே" என்றார் மச்சான். தன் தங்கையின் கணவன் என்ற அக்கறை. அதற்குள் பயமும் இருந்தது.

எதிர்ச்சாரியில் இன்று முழுவதும் ஒரு பைக் நின்றது. யாருடையது என்று விசாரிக்கவில்லை.

இதுவரை குடிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

சோமனூர் போயிருந்தேன். கோகிலா இருப்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. இரண்டு பக்கமும் தறி. ஞாயிறு என்பதால் ஒரு பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தாள். கோகிலா அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள். எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"கேக்கணும்னு இருந்தேனுங்ணா. கடைசியா ஏதாச்சும் சொன்னாருங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று பஸ்ஸிலேயே தெரியும். பதிலையும் எழுதி வைத்ததுபோல யோசித்து வைத்திருந்தேன்.

"உங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்மா."

அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள்.

"எம்பேரைச் சொல்லிங்களா?"

"ஆமாம்மா. கோகிலா, கோகிலான்னு."

"கல்யாணமாகிப் பதிமூணு வருசத்துல அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கெடையாதுங்ணா. 'ஏ புள்ளே'ம்பாரு. இல்லீனா 'பாப்பாம்மா'ம்பாரு. எம்பேரு அவரு வாயில வந்து நான் கேட்டதே இல்லீங்." அவள் குரல் உயரவில்லை. "யாரைக் கூப்பிட்டாரு?"

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என்னைத்தாம்மா."

அவள் காத்திருந்தாள்.

"மணியண்ணா, மணியண்ணான்னு கூப்பிட்டார். அவர் குரல் உங்களுக்குத் தெரியும்ல. பாட்டையும் தாண்டிக் கேட்டுச்சு. நான் வெளியில நிக்கறது ஜன்னல் இடுக்குல அவருக்குத் தெரிஞ்சிருக்கும். நான் பதில் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு முனகல் மட்டும் கேட்டுச்சு. அதுக்கும் போகல. எனக்குப் பயம்மா."

பக்கத்துத் தறி ஓடிக்கொண்டே இருந்தது. அது நின்றால் நன்றாக இருக்கும் என்று ஒரு கணமும், நிற்கவே கூடாது என்று மறு கணமும் நினைத்தேன்.

"போலீசுகிட்ட இதச் சொன்னீங்களா?"

"அடிச்சதச் சொன்னேன். கத்தினதச் சொன்னேன். என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதச் சொல்லல."

"கோர்ட்டுல கேப்பாங்களே. சத்தம் கேட்டும் நீ ஏன் போகலைன்னு கேப்பாங்களே."

"கேப்பாங்க."

"அப்பச் சொல்லுவீங்களா? மணியண்ணான்னு என்னையத்தான் கூப்பிட்டாரு, நான் போகலைன்னு? எல்லாரும் இருக்கறப்ப?"

"சொல்றேம்மா."

"நானும் அங்கதான் உக்காந்திருப்பேன்" என்றாள்.

டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதில் டீ பாதிக்கு மேல் இருந்தது. உள் அறைக்குப் போனாள். நான் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே தாழ் போடும் சத்தம் கேட்டது.